கை வைக்காத படம்

முதலில் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தாள். பழகிய வேலை. கன்னத்திலிருந்து கொஞ்சம் தோலைக் கிள்ளி மேலே ஒட்டி, ஓரத்தைக் கரைத்துவிட்டால் போதும். பிறகு நெற்றிக் கோடுகள். அதில் ஒன்றை மட்டும் பாதி விட்டுவைத்தாள். எல்லாவற்றையும் எடுத்தால் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும், பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். அப்புறம் தாடைக்குக் கீழே தொங்கிய சதை. கடைசியாக வாயைப் பெரிதாக்கி, மேல்வரிசையில் இடது பக்கம் இருந்த ஓட்டைக்கு, வலது பக்கத்துப் பல்லையே நகல் எடுத்துத் திருப்பி வைத்தாள். பல் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் நாக்கு தானாகப் போய் வாய்க்குள் அதே இடத்தைத் தொட்டது. அங்கே ஓட்டை அப்படியே இருந்தது.

"எடுடி, எடு" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "பெத்தவ பல்லு போன வாயைப் படம் எடு."

சனிக்கிழமை மதியம். ஸ்டூடியோவில் கூட்டம் இல்லை. முன்னால் கவுண்டர், பின்னால் படம் எடுக்கிற அறை, இரண்டுக்கும் நடுவே திரைச்சீலை போட்டு மறைத்த ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் அவள் மேசையும் நாற்காலியும் கம்ப்யூட்டரும். கடையில் அவளுக்குப் பெயர் பிரஷ். நெகட்டிவில் பென்சிலும் பிரஷ்ஷுமாக முகம் திருத்திய நாளில் வைத்த பெயர். கம்ப்யூட்டர் வந்து, பிரஷ் பிடித்த மற்ற இரண்டு பேரும் வேறு பிழைப்பு பார்க்கப் போன பிறகும், இவளுக்கு மட்டும் பெயர் போகவில்லை, வேலையும் போகவில்லை. ஒரே வாரத்தில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் கைபட்ட முகத்தைப் பார்த்து எந்த வாடிக்கையாளரும் முகம் சுளித்ததில்லை. தன்னுடைய அடையாள அட்டைப் படத்தையும் அவளேதான் சரிசெய்தாள். ஒரு அலுவலக வாசலில் காவலாளி அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி கார்டை எடுத்துட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டான். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம்.

இப்போது திரையில் இருந்தது அந்தத் தங்கச்சி இல்லை.

மேசை மேல் தலை கவிழ்ந்து தூங்குகிறாள்; வாயோரம் எச்சில். தலைக்குச் சாயம் பூசி, பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். தண்ணீர் லாரிக்காரனிடம் போனில் கத்துகிறாள். எதற்கோ வாயைப் பிளந்து சிரிக்கிறாள். எல்லாவற்றிலும் அதே வெளுத்த நைட்டி, அக்குளில் தையல் விட்ட இடத்தில் ஊக்கு. மொத்தம் எட்டுப் படங்கள். எட்டிலும் அவள்தான்.

மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, போட்டோகிராபி சொல்லித்தரும் ஒரு கலைப்பள்ளிக்கு விண்ணப்பம் போடுகிறாள். திங்கட்கிழமை கடைசி நாள். ஒரே விஷயத்தைப் பற்றி எட்டுப் படங்கள் கேட்டிருந்தார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். பழைய பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி மகள் ஒரு கேமராவை இரவல் வாங்கி வந்ததும் தெரியும். பாலத்தையோ பறவையையோ எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம், "என்னடி பண்ற?" என்று கேட்பாள். "லைட் பார்க்கறேன்மா. நீ உன் வேலையைப் பாரு" என்பாள் மகள். இவளும் நம்பித் தன் வேலையைப் பார்த்தாள்.

"லைட்டு பார்க்கறாளாம், லைட்டு."

அந்தக் கேமராவின் மெமரி கார்டு அவள் கைக்கு வந்ததே மகளுக்குத் தெரியாது. அவள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மகள் கடைக்கு வந்து, முதலாளியிடம் கார்டைக் கொடுத்து, "சார், அம்மாகிட்ட தராதீங்க. நேரா மெஷின்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முதலாளியும் தலையாட்டியிருக்கிறார். தலையாட்டிக்கொண்டே அவர் கை கார்டைக் கொண்டுபோய் அவள் ட்ரேயில் போட்டுவிட்டது. அந்தக் கடையில் எந்தப் படமும் அவள் மேசையைத் தாண்டாமல் பிரிண்ட் மெஷினுக்குப் போனதில்லை. அவர் கைக்கு வேறு வழி தெரியாது.

எட்டையும் சரிசெய்தாள். கோபத்தில் கை இன்னும் சுத்தமாக ஓடியது. எச்சிலைத் துடைத்தாள். பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு, காலையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு பெண்ணின் கூந்தலைக் கொண்டுவந்து வைத்தாள். காலின் வீக்கத்தை வடித்தாள். ஊக்கை எடுத்துத் தையலை மூடி, நைட்டிக்கு நல்ல நீலம் கொடுத்தாள். பின்னால் குவிந்து கிடந்த பாத்திரங்களை அழித்துச் சாம்பல் நிறத் திரை போட்டாள். ஒவ்வொன்றையும் முடித்ததும், பழையதன் மேலேயே எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. படிக்காமலே ஆமாம் என்று அழுத்தினாள்.

அது கடையின் சட்டம். பல வருஷத்துக்கு முன்பு ஒருவன், திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, "நான் என்ன அவ்வளவு கேவலமாவா இருக்கேன்?" என்று கவுண்டர் கண்ணாடியை உடைத்தான். அன்றிலிருந்து முதலாளி ஒரிஜினல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் மேலேயே எழுதிவிட வேண்டும். கேட்டால், "உங்களை எடுத்ததே இதுதாங்க" என்று சொல்லிவிடலாம்.

பிரிண்ட் வந்ததும் முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்லா வந்திருக்கேம்மா. யாரு இது, உங்க சொந்தமா?"

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

"ஆமா சார். தூரத்துச் சொந்தம்."

*

வீட்டுக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குவான், அவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வழக்கமாக முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கி, கட்டடக்காரனைத் திட்டிவிட்டு ஏறுவாள். அன்று நிற்கவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். அம்மா கையில் கடை உறையைப் பார்த்ததுமே அவள் முகம் வெளிறியது. அம்மா உறையை மேசை மேல் வீசினாள்.

"இந்தா. உன் லைட்டு."

மகள் பிரித்தாள். ஒரு படம், இரண்டாவது, மூன்றாவது. மீதியை வேகமாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"உன்னைப் பெத்தவ. தெரியலையா? நீ எடுத்ததைப் பார்த்தப்ப எனக்கும்தான் தெரியல."

"நான் உன்கிட்டயா குடுத்தேன்? சார்கிட்ட குடுத்தேன். நேரா மெஷின்ல போடுங்கன்னு சொன்னேன்!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் என்கிட்ட குடுக்கல? நான் டீ குடிக்கப் போற நேரம் பார்த்துத் திருடி மாதிரி வந்து குடுத்துட்டுப் போற?"

"நீ இப்படிப் பண்ணுவேன்னு தெரியும், அதான்."

"தெரியுமில்ல? அப்ப நீ பண்ணினது தப்புன்னும் உனக்குத் தெரியும்."

"தப்பில்ல."

"அக்குள்ள ஊக்கு குத்தியிருக்கறதை ஊரைக் கூட்டிக் காட்டறது தப்பில்ல. வாயில எச்சில் ஒழுகறது தப்பில்ல. கேக்காம எடுக்கறது தப்பில்ல. வேற எதுடி தப்பு?"

"கேட்டிருந்தா நீ பவுடர் போட்டுட்டு வந்து உட்கார்ந்திருப்ப!"

"போட்டிருப்பேன். என் மூஞ்சி. பவுடர் போடுவேன், சாம்பல் பூசுவேன், உனக்கென்ன?"

இந்த நேரத்தில் புருஷன் உள்ளே வந்தான். கருவிப் பையை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவே மேசையில் கிடந்த படத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"யாரு இந்தம்மா? நல்லா இருக்காங்களே. கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் மற்ற படங்களையும் பார்த்தான்.

"எட்டு எடுத்தியே, ஒண்ணுல என்னைச் சேர்த்துக்கக் கூடாதா? நானும் இந்த வீட்லதான் இருக்கேன்."

"நீங்க சும்மா இருங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மகள் கையை நீட்டினாள். "சரி, கார்டைக் குடு. வேற கடையில போட்டுக்கறேன். நாளைக்குத் திறந்திருக்கற கடை ஏதாவது இருக்கும்."

அவள் கார்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் அதைக் கேமராவில் செருகி, பின்பக்கத்துச் சின்னத் திரையில் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள். முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"எந்த ஒரிஜினல்?" என்று கேட்டாள். வாயிலிருந்து அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, கவுண்டரில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரல்.

"கார்டுல இருந்தது எங்க? கை வைக்காத படம்தான் வேணும்னு சொல்லியிருக்காங்க. கார்டையும் சேர்த்துக் குடுக்கணும். அங்க போட்டுப் பார்ப்பாங்க. ஒரு புள்ளி மாறியிருந்தாக்கூட வாங்க மாட்டாங்க. எங்கம்மா?"

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. வேறெங்கும் பிரதி இல்லை. கார்டு சின்னது என்று, தேர்ந்தெடுத்த எட்டைத் தவிர மற்றவற்றை மகள் முன்பே அழித்திருந்தாள்.

அம்மா முதலாளிக்குப் போன் போட்டாள். கார்டிலிருந்து பழையதை மீட்க முடியுமா என்று கேட்டாள்.

"மேலேயே எழுதியாச்சா? அப்பப் போனது போனதுதான்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அவர். பிறகு கொஞ்சம் பெருமையாக, "நாமதான் எதையும் வச்சுக்கறதில்லையே" என்றார்.

போனை வைத்தாள். மகள் கத்தப்போகிறாள் என்று தோள்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். மகள் கத்தவில்லை. குரல் இறங்கிப் போயிருந்தது.

"அவ்வளவு அசிங்கமாவா இருந்துச்சு?"

"அசிங்கமாத்தான் இருந்துச்சு."

"எனக்கு அப்படித் தெரியல."

"உனக்கென்ன, உன் மூஞ்சியா?"

மகள் படங்களை அடுக்கி உறைக்குள் போட்டாள். "சரிம்மா. நான் விண்ணப்பம் போடல. உங்க முதலாளிகிட்டச் சொல்லி அந்தச் சந்துல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, ஊர்ல இருக்கற மருவையெல்லாம் எடுக்கலாம். நீ மூக்கு, நான் கன்னம்."

புருஷன் "ஏய்" என்றான். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் அடுப்படியில் போய் நின்றாள். குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அந்த நாற்காலி. பள்ளி முடித்த வருஷம், தற்காலிகமாக ஆள் வேண்டும் என்று சொல்லி அவளை அதில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் என்று அவளும் நினைத்தாள். இடம் கிடைத்ததா இல்லையா என்று பார்க்கக்கூட அப்புறம் போகவில்லை. நாற்காலியின் மெத்தையை இரண்டு தடவை மாற்றியாயிற்று. திரைச்சீலையை எத்தனையோ தடவை. சந்துக்கு ஜன்னல் கிடையாது. வெயிலா மழையா என்று வாடிக்கையாளரின் தலைமுடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதை ஒருபோதும் பெரிய குறையாக அவள் நினைத்ததில்லை. ஆனால் இன்னொரு நாற்காலி அங்கே போட இடம் இருக்கிறது. மேசையைக் கொஞ்சம் சுவரோடு தள்ளினால் போதும். அந்த இடத்தின் அளவு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குப் பிறகு கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. பாத்திரத்தைப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் எழுந்து வந்தபோது, மேசையில் உறை இல்லை. கேமரா இருந்தது. அம்மா வெளுத்த நைட்டியில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"எடு."

"எதை?"

"என் தலையை. எட்டுதானே வேணும்? எடு. தூங்கற மாதிரியெல்லாம் நடிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். சாயம் பூசறதுக்கு இன்னும் நாளிருக்கு, அதுவும் கிடையாது. என்ன இருக்கோ அதை எடுத்துக்கோ. எடுத்ததை நான் பார்ப்பேன். எனக்குப் பிடிக்காதது வெளியே போகாது."

"அப்ப ஒண்ணும் போகாது."

"போகலைன்னா போகல. எடுடி."

மகள் கேமராவை எடுத்து, கார்டிலிருந்த திருத்திய எட்டையும் அழித்தாள். கண்ணில் வைத்தாள், இறக்கினாள்.

"தாடையை இறக்காத."

"யாரு இறக்கினா?"

"நீதான். கேமராவைப் பார்த்ததும் இறக்கற. கழுத்துச் சதை தெரியக் கூடாதுன்னு."

அது உண்மை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களைப் பார்த்துத் தினம் அவள் சொல்கிற வார்த்தை அது. தாடையை இறக்குங்க. தோளைத் தளர்த்துங்க. வாயை மூடிச் சிரிங்க. இப்போது உடம்பு தானாகச் செய்தது. தாடையை ஏற்றினால் கை வாயை மறைக்கப் போனது. கையை இறக்கினால் முகம் நல்ல பக்கமாகத் திரும்பியது. அந்தப் பக்கத்தில் பல் முழுசாக இருந்தது.

"அம்மா! பாஸ்போர்ட்டுக்கா எடுக்கறோம்?"

"பின்ன எப்படி நிக்கறது? கவுந்து நிக்கவா?"

"நிக்கவே வேணாம். வேலையைப் பாரு."

"நீ மூஞ்சிக்கு நேரா அதைப் பிடிச்சுட்டு நின்னா நான் எந்த வேலையைப் பார்க்கறது?"

"இத்தனை நாளும் பார்த்தியே!"

"இத்தனை நாளும் நீ பொய் சொன்ன, நான் நம்பினேன். இனிமே எங்கே நம்பறது?"

புருஷன் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்கச் சொன்னாள் மகள். அவன் பிடித்தான்.

"மேலயா, கீழயா? எந்த மாடியில நிறுத்தணும்னு சொல்லு."

"அப்பா, பேசாம பிடிங்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் மூவருக்கும் தெரிந்தது. அவள் துணி தேடாமல் வெறும் கையால் பாத்திரத்தைத் தூக்கி, சுட்டுக்கொண்டு, தொட்டிக்குள் போட்டாள்.

"பாலும் போச்சு! ரெண்டு பேரும் நல்லா நில்லுங்க. ஒருத்தி கேமரா, ஒருத்தர் போர்வை. என்ன நாடகமா நடக்குது இங்க?"

கிளிக் என்றது. அவள் திரும்பினாள்.

"எடுக்கறியா? எடு. நல்லா எடு. எழுதியும் அனுப்பு. இவ காலையில எந்திரிச்சுப் பால் காய்ச்சி, கடைக்குப் போய் நாள் பூரா ஊரான் மூஞ்சியைத் துடைச்சுட்டு, திரும்பி வந்து இந்த அடுப்பைத் துடைக்கறான்னு எழுது. இவ புருஷன் போர்வை பிடிப்பான், வேறெதுவும் பிடிக்க மாட்டான்னு எழுது."

"என்னை ஏன் இழுக்கற?" என்றான் அவன்.

"உங்களை ஒண்ணுலயாவது சேர்க்கணும்னு கேட்டீங்களே, அதான்."

கிளிக். அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. அடுப்பைத் துடைத்தாள், திட்டினாள். கருகிய பாத்திரத்தைத் தரையில் வைத்து, உட்கார்ந்து, கம்பிச் சுருளால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பழைய விஷயமெல்லாம் வந்தது. பல் பிடுங்கினபோது, அங்கே வேறு பல் வைக்க அடுத்த மாசம் போகலாம் என்று புருஷன் சொன்ன அடுத்த மாசம் எப்போது வரும் என்று கேட்டாள். கலைப்பள்ளி விஷயத்தை மகள் முதலில் அப்பாவிடம் சொன்னது ஏன் என்று கேட்டாள். மகளும் சும்மா இருக்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்தே பதிலுக்குப் பதில் கத்தினாள். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடப் படத்தில் தன் முகத்து அம்மைத் தழும்பை அம்மா எடுத்துவிட்டதையும், மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து யார் இந்தப் புதுப் பொண்ணு என்று கேட்டதையும் இழுத்தாள். "நல்லதுக்குத்தானே பண்ணினேன்" என்று அவள் பாத்திரத்தைத் தரையில் அடித்தாள். "நான் கேட்டேனா?" என்றாள் மகள். "நான் மட்டும் கேட்டேனா?" என்றாள் இவள். புருஷனுக்குக் கை வலித்தது. போர்வை மெல்ல இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

கார்டு நிறைந்த பிறகு சண்டையும் ஓய்ந்தது. அவள் ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு கேமராவுக்குக் கை நீட்டினாள். மகள் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அம்மாவின் கட்டைவிரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அழிக்கிற பொத்தான் எந்தக் கேமராவில் எங்கே இருக்கும் என்று அந்த விரலுக்குத் தெரியும்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆடியது, கண் மூடியது, புருஷனின் முழங்கை வந்து மறைத்தது எல்லாம் போயின. அதில் மகளுக்கும் தகராறு இல்லை. கடைசியில் எட்டு நின்றன. கத்துகிற முகம். தீய்ந்த பாத்திரம். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது. அக்குள் ஊக்கு. தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றில் நின்றாள்.

பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது எடுத்தது. முகம் இல்லை. நைட்டி முழங்கால் வரை ஏறியிருக்கிறது. வீங்கிய கால், நரம்பு சுருண்ட கெண்டைச் சதை, பக்கத்தில் கருப்புப் பாத்திரம், ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சம் கால் மேல் சரியாக நிற்கிறது. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா!"

"கால் வேணாம்."

"அதுதான் இருக்கறதுலயே நல்ல படம்!"

"தெரியும். நானும் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

"தெரிஞ்சேவா அழிச்ச?"

"முகத்தைத் தந்துட்டேன். கால் என்னுது. கேட்டா குடுத்திருப்பேனோ என்னவோ. நீ கேக்கல."

மகள் கேமராவைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அம்மாவின் தோளைச் சுவரோடு தள்ளியதும் நடந்தது. அது வேண்டுமென்றா இல்லையா என்று இருவரும் அப்புறம் பேசிக்கொள்ளவில்லை. அவள் சுவரில் சாய்ந்தபடி, "அடிக்கிறியாடி?" என்று வாயைத் திறந்தாள். மகள் கைநீளத்தில் நின்று ஒன்று எடுத்தாள்.

"எட்டு" என்றாள்.

அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.

*

திங்கட்கிழமை அவள் வழக்கத்தைவிட முன்னதாகக் கடைக்குப் போனாள். முதலாளி கதவைத் திறந்துகொண்டிருந்தார். கார்டை அவரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கொண்டுபோய் அவள் ட்ரேயில் போட்டார். அவள் ட்ரேயிலிருந்து எடுத்து, தன் மேசைக்கு முன் உட்காராமல், நேராகப் பிரிண்ட் மெஷினில் செருகினாள்.

படம் வரும்போது முதலாளி பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கடைசிப் படம் வந்தபோது, "இதுல கை வைக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"படத்துக்குப் பின்னால நம்ம கடை முத்திரை குத்திட வேணாம்."

"சரி சார்."

மகள் ஒன்பது மணிக்கு வந்து உறையையும் கார்டையும் வாங்கிக்கொண்டு போனாள். பஸ் மாறிப் போக வேண்டும். கலைப்பள்ளியில் ஒரு பெண் உறையைத் திறந்து படங்களை எண்ணினாள், கார்டை ஒரு சின்ன உறையில் போட்டு ஒட்டினாள், ரசீது கொடுத்தாள். முடிவு ஒரு மாதத்தில் தெரியும் என்றாள். வரிசையில் பின்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மகள் அங்கிருந்து தன் பழைய பள்ளிக்குப் போய்க் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

கடையில் அன்று ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படம் வந்தது. ஒரு பையனுக்கு நெற்றியில் தையல் இருந்தது. எடுத்துவிடச் சொல்லிச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். எடுத்தாள். பழையதன் மேலேயே எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

மாலையில் முதல் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். வீட்டில் கருகிய பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அடிப்பகுதியில் கருப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. மகளிடம் ரசீதைக் கேட்டாள். மகள் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். புருஷன், தன் முழங்கையாவது ஒரு படத்தில் போயிருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள் மகள்.